எம்.எல்.ஏ.வுக்கு வராத வார்த்தை

சிவகாசியில் ஒரு லித்தோ அச்சாபீசில் லேபிள் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது அய்யம்மாளுக்குப் பதினெட்டு வயது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஊரார் புஞ்சையில் களையெடுத்த குடும்பத்திலிருந்து மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். தீப்பெட்டி லேபிள்கள் தாள் தாளாக அச்சாகி வரும். மை காய்ந்ததும் பார்த்து அடுக்கி, வெட்டுகிற மிசினுக்கு அனுப்ப வேண்டும். மிசின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் ஏறிவிட்டது. ரகசியம் பேசுவது மட்டும் அவளுக்குக் கைவராத காரியம்.

1963இல் காலண்டர் சீசன் நெருங்கும் நேரம், குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. மறுநாளே தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்துக்குப் போனாள். அங்கிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று சொல்லி மார்பை எடுத்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த அவள் புருசன் இருளாண்டி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"எதுக்கு அழுகீக? மூணு பிள்ளைகளுக்கும் பால் குடுத்து முடிச்சாச்சு. இனி அது இருந்து என்ன செய்யப் போகுது?" என்று அவள் கேட்டதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

புண் ஆறியதும் சென்னைக்குப் போய் ஆறு வாரம் கதிர் வைத்தியம் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஊரார் பேச்சில் அதற்குக் கரண்டு வைப்பது என்று பேர். அங்கேதான் சிக்கல். நோய்ப்பட்டுப் படுத்தால் காப்பீட்டில் எட்டு வாரத்துக்குத்தான் பாதிச் சம்பளம். சென்னையில் பாதி வைத்தியம் நடக்கும்போதே அது நின்றுவிடும்.

"நீட்டிக்க வழியில்லையா சார்?" என்று காப்பீட்டு ஆபீசில் குமாஸ்தா லட்சுமிகாந்தத்திடம் கேட்டாள்.

"டி.பி.க்கு உண்டும்மா. பட்டியல்ல அது இருக்கு. உங்க நோய் இல்ல."

"அப்ப எனக்கு டி.பி. வரணும்னா எங்கன போகணும்?"

லட்சுமிகாந்தம் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பென்று பட்டதோ என்னவோ, ஒரு தாளை எடுத்து விலாசம் எழுதி நீட்டினார். "பட்டியலை மாத்துறதுக்கு எனக்கு அதிகாரமில்ல. எம்.எல்.ஏ.வைப் பாருங்க. சட்டசபையில கேக்கட்டும்."

எம்.எல்.ஏ. காசிராஜன் விருதுநகரில் பருத்தி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். முதல் தடவை ஜெயித்திருந்தார். யார் போனாலும் மோர் கொடுத்து உட்கார வைப்பார் என்று பேர். அச்சாபீஸ் தோழி பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு அய்யம்மாள் பஸ் ஏறிப் போனாள்.

"சொல்லு தாயி, என்ன உடம்புக்கு?"

"மார்புல புத்து வந்து அறுத்துட்டாக ஐயா."

காசிராஜன் சட்டென்று உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். அவள் கதையைச் சொல்லி முடிக்கும்வரை அவர் பார்வை கீழே இறங்கவேயில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "இந்தக் கூட்டத்திலேயே கேட்டுருதேன் தாயி" என்றார். சொன்னபடி கேட்கவும் செய்தார்.

இரண்டு வாரம் கழித்துச் சிவகாசிக்கு வந்தவர், அச்சாபீஸ் வாசலில் நின்று, லீவில் இருந்த அவளை வீட்டிலிருந்து கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"தாயி, உனக்கு ஏற்கெனவே சலுகை இருக்காம்! அமைச்சரே சபையில பதில் சொல்லிட்டாரு." பதில் தாளை, கூட வந்திருந்த பேச்சியம்மாளின் மகன் வாசித்தான். நெஞ்சு நோயால் அவதிப்படும் தொழிலாளர்களுக்கு உதவி ஏற்கெனவே நீட்டிக்கப்பட்டுள்ளது என்றிருந்தது.

"நெஞ்சு நோயா? அது டி.பி.யில்ல ஐயா! எனக்கு இருமலே கிடையாதே! நீங்க என்னன்னு கேட்டீக?"

காசிராஜன் தொண்டையைச் செருமினார். "நெஞ்சுல கட்டின்னு... கௌரவமா..."

அய்யம்மாளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்தால் தையல் போட்ட இடம் வலிக்கும். கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகருக்கு மறுபடியும் போனாள். இந்த முறை காசிராஜனின் மனைவி ராமுத்தாய் அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டார். விசயம் முழுதும் கேட்டதும் புருசன் பக்கம் திரும்பினார்.

"கேள்விய நீங்க கேட்டீகளா, உங்க வெக்கம் கேட்டுச்சா? நாலு பிள்ளைக்குத் தகப்பன். மார்புன்னு ஒரு வார்த்தை வாயில வரல. இப்பச் சொல்லுங்க."

"மார்..." என்றார் காசிராஜன்.

"எனக்கே கேக்கல ஐயா. மிசின் ஓடுறப்ப சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றாள் அய்யம்மாள்.

மோர் ஆறு தம்ளர் காலியானது. கடைசியில் அவர் சொன்ன சொல் தெருவில் போன ஆட்களையும் நிற்க வைத்தது. ராமுத்தாய் திருப்தியாக உள்ளே போனார்.

அடுத்த கூட்டம் நடந்தபோது அய்யம்மாள் சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தாள். பாதிச் சம்பளம் நின்று பத்து நாள் ஆகியிருந்தது. இருளாண்டியின் கூலியும் அச்சாபீஸ்காரர்கள் சேர்த்துக் கொடுத்த அரிசியும்தான் வீட்டை ஓட்டின. காசிராஜன் பார்வையாளர் மாடத்துக்கு அவளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். கோட்டைக்குள் நுழையும்போது காவலர், கைதட்டக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது என்று எச்சரித்தார். அவளுக்கு அதுதான் கரண்டு வைப்பதைவிடக் கஷ்டமாயிருந்தது.

காசிராஜன் எழுந்தார். "மார்பகப் புற்றுநோய்" என்றார். எங்கேயோ ஒரு மூலையில் சிரிப்புச் சத்தம். அவர் உட்காரவில்லை. சிரிப்பு ஓயும்வரை நின்றார்.

"சிரித்தவர்களுக்கும் தாய் உண்டு. மார்பகப் புற்றுநோய். இது டி.பி. இல்லை. எங்கள் ஊரில் லேபிள் அடுக்கும் ஓர் அம்மாவுக்கு வைத்தியம் பாதியில் இருக்கிறது, சம்பளம் நின்றுவிட்டது. இந்த நோயையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்."

மேலே அய்யம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கைதட்டக் கூடாது என்று காவலர் சொல்லியிருந்தார். அழக் கூடாது என்று சொல்லவில்லை.

பரிசீலிப்பதாக அமைச்சர் சொன்னார். சென்னைக்கும் டெல்லிக்கும் பதினாலு மாதம் கடிதம் போய்வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் காசிராஜன் எழுந்து அதே வார்த்தையைச் சொன்னார். அவர் எழுந்ததுமே என்ன சொல்லப் போகிறார் என்று மற்ற உறுப்பினர்கள் தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஆயிற்று. கடைசியில் பட்டியலில் அந்த வரி சேர்ந்தது. அதற்குள் அய்யம்மாள் குணமாகி அச்சாபீசுக்குத் திரும்பியிருந்தாள். நின்றுபோன வாரங்களின் பாதிச் சம்பளம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்காக அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதுமில்லை.

1967 தேர்தலில் காசிராஜன் தோற்று, மறுபடி மண்டிக் கணக்குக்கே போனார். ஆனால் கட்டி என்று எந்தப் பெண் வந்தாலும் முதலில் அய்யம்மாளிடம் அனுப்பினார். அப்படி வந்தவள்தான் நூல் மில்லில் வேலை பார்த்த பஞ்சம்மாள். நீட்டித்த உதவிக்கான தாளில் லட்சுமிகாந்தம் முத்திரை குத்திக் கொடுக்க, அய்யம்மாளே லீவு போட்டுச் சென்னைக்குக் கூட்டிப் போனாள்.

ரயில் இறங்கியதிலிருந்து பஞ்சம்மாள் அய்யம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

"யக்கா, கரண்டு வச்சா சுடுமா?"

"மொதல்ல ஒண்ணும் தெரியாது. பெறகு கொஞ்சம் தோல் கறுக்கும். ஏத்தா, நீ கடல் பாத்திருக்கியா?"

"எங்க ஊர்க் கம்மாதான் பாத்திருக்கேன்."

"அப்ப வா. பத்து மணிக்குப் போனாப் போதும்."

பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பெண்கள் முழங்கால்வரை நனைந்த சேலையோடு, மணல் உதிர உதிர வந்து நின்றார்கள். நர்ஸ் ஏன் தாமதம் என்று அதட்டினார். அய்யம்மாள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பஞ்சம்மாளே முந்திக்கொண்டாள்.

"அம்புட்டுத் தண்ணியிருக்கே, கரையைத் தாண்டாம எப்படிம்மா நிக்குது?"