மதியத்து வண்டுகள்

விடிகாலையில் காப்பிச் செடியின் தண்டு, பனி இறங்கி, உள்ளங்கையில் ஈரத்துணி போலச் சில்லென்றிருக்கும். நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டு, மழை ஓய்ந்த பிறகு, பள்ளிக்குப் போகுமுன் எங்கள் இளஞ்செடிகளைத் தடவித் தடவிப் பார்ப்பது என் வேலையாயிற்று. அப்பாவும் அம்மாவும் முதல் பஸ்ஸில் மலையடிவாரத்துக் காரவள்ளிக்குக் கட்டட வேலைக்கு இறங்கிவிடுவார்கள் என்பதால், தண்டைத் துளைக்கும் பூச்சி வந்திருக்கிறதா என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட அதை வீட்டில் "வரிவண்டு" என்போம்.

"வண்டு இருந்துச்சா கண்ணு?" என்று மாலையில் அப்பா கேட்பார்.

"இல்லீங்கப்பா."

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை உச்சி வெயிலில் சுள்ளி பொறுக்கப் போனபோது அவற்றைப் பார்த்தேன். காலையில் வெறுமையாக இருந்த தண்டுகளில், வெயில் பட்ட பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று பட்டை வெடிப்பில் முட்டை வைத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால்தான் வெளியே வரும் பூச்சியை மாதம் முழுக்கப் பனியில் தேடியிருக்கிறேன்.

அன்றும் அப்பா கேட்டார். இத்தனை நாள் சொன்னது தப்பென்று ஆகிவிடுமே, காலையில் இல்லாததை இல்லை என்றது பொய்யா, நாளைக்குச் சொல்லலாமா என்று குழம்பி, "இல்லீங்கப்பா" என்றேன். மறுநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பட்டையைத் தேய்த்து முட்டைகளையாவது அழித்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு இலைகள் மஞ்சளாயின. அசைத்தால் தண்டு முறிந்து தூள் கொட்டியது. செடிகளைப் பிடுங்கி எரித்தபோது பக்கத்துத் தோட்டத்து மாமா, "காவலுக்கு ஆள் போட்டும் பூந்துருச்சுங்களா?" என்று சிரித்தார்.

"எம் புள்ளயச் சொல்லாதீங்க. நாத்துலயே இருந்திருக்கும்," என்றார் அப்பா. நாற்று விற்றவரிடம் அதன்பின் அவர் பேசவேயில்லை.

இப்போது அங்கே காப்பி இல்லை. சில்வர் ஓக் மரங்களில் மிளகு படர்ந்திருக்கிறது. நாற்று விற்றவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் என் நான்கு வயது மகளை, காய்ச்சலோ வேறு நோயோ எந்த நேரத்தில் பார்த்தால் தெரியுமோ என்று நாள் முழுக்கத் தொட்டுப் பார்த்தே களைத்துப்போகிறேன். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா அவளிடம், "உங்கம்மா சொன்னா அதுல பொய்யே இருக்காது சாமி," என்றார்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியாம்மா?"

"ஆமா," என்றேன்.