முதல் துண்டு

சுவரொட்டி ஒட்டுகிறவர் அவர். மனநல ஆலோசனை நோட்டீஸ் என்றால், அடியில் போன் நம்பரோடு தொங்கும் துண்டுகளில் முதலாவதை அவரே கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். யாருமே தொடாத நோட்டீஸில் கைவைக்க எவனுக்கும் கூச்சமாம்.

மூன்று மாதமாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் முகம்கொடுத்துப் பேசுவதுமில்லை. சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி, பையிலிருந்த துண்டுகளை அவர் முன்னால் கொட்டினாள்.

"ஊருக்கெல்லாம் ஒட்டுறீங்களே, நீங்க ஒரு தடவை கூப்பிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

துண்டைப் பார்க்காமலே நம்பரை அழுத்தினார். அவ்வளவு மனப்பாடம்.

"நான்தாம்மா, நோட்டீஸ் ஒட்டுறவன்."

வாராவாரம் அவருக்கு நோட்டீஸ் கட்டு கொடுக்கும் பெண்தான் எடுத்திருந்தாள். "சொல்லுங்கண்ணே. கட்டு தீர்ந்துபோச்சா?"

"கட்டு இருக்கும்மா" என்றார். "இது எனக்கு."