வெள்ளை உதடு

பசுந்தாங்கில் மூன்றாம் மாடியில் நானும் தங்கச்சியும் இருந்தோம். எனக்குத் தொழிற்சாலை வேலை. அவளுக்கு அழகு நிலையத்தில். எங்கள் வீட்டில் அவள்தான் கறுப்பு. சின்ன வயதிலிருந்து, நிறம் வெளுக்க பர்மாக்காரர்கள் பூசும் தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசினார்கள். வெளுக்கவில்லை.

அப்போது ஜப்பான் படங்கள் சிடியில் வரும். கியாரு என்று ஒரு மாதிரிப் பெண் அதில் அடிக்கடி வருவாள். வேண்டுமென்றே கறுக்க வைத்த முகம். வைக்கோல் நிற முடி. கண்ணைச் சுற்றி வெள்ளை, உதட்டிலும் வெள்ளை. சத்தமாகச் சிரிப்பாள். எல்லாரும் அவளைக் கெட்டவள் என்பார்கள். யாராவது அழுதால் பக்கத்தில் போய் உட்காருவது அவள்தான்.

"இவளுக வெயில்ல காஞ்சு கறுக்குறாளுக. எனக்கு அந்த வேலை மிச்சம்ண்ணே," என்றாள் தங்கச்சி. முடியை வெளுத்து, கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வெள்ளை பூசிக்கொண்டாள்.

"பேய் மாதிரி இருக்கே."

"பேய்க்கு யாரு இவ்வளவு அழகா மை வச்சு விடுவா?"

அம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். கரண்ட் போன ஒரு சாயங்காலம் அவள் படியேறி வந்தாள். நான் மேலே நின்றேன். இரண்டாம் மாடி அம்மா மெழுகுவர்த்தியோடு கதவைத் திறந்தாள். மகன் மலேசியா போய்த் தகவல் இல்லை. அதிலிருந்து சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாகிவிட்டவள். தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் காலில் விழுந்தாள்.

"தாயே, வந்துட்டியா. எம் மவன் வருவானா?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் படத்துப் பெண் போலச் சிரித்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வருவான். நீ மொதல்ல சாப்பிடு."

அன்றைக்குச் சாப்பிட்டாள். அந்த முகம் போய்ச் சொன்னால்தான் மறுநாளும் சாப்பிட்டாள். அதனால் தங்கச்சி தினமும் போனாள். அம்மா பால் வைப்பாள். இவள் தொட மாட்டாள்.

"சாமிக்கு வச்சதை நான் எப்படிண்ணே குடிக்கிறது?"

ஒரு நாள் கல்யாணப் பெண்ணை அலங்கரிக்க பஸ் பிடித்துத் தின்கன்ஜூன் போனாள். சாயங்காலம் கீழ்வீட்டில் அவள் சிரிப்புக் கேட்டது. வந்துவிட்டாள் என்று சோற்றை இறக்கி வைத்தேன். சிரிப்பு நின்று வெகுநேரம் கழித்து, வாசலில் செருப்புச் சத்தம். துடைத்த முகம், தலையில் துணி.

"பொண்ணோட அம்மா எம் மூஞ்சில இருந்த எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டாங்க. பஸ்ஸும் நின்னுபோச்சு. கீழ அம்மா பட்டினியா இருக்கும், வாண்ணே."

நான் சோற்றை மூடி வைத்தேன். இறங்கினோம்.

"மேல்வீட்டுப் பொண்ணா? வாம்மா," என்றாள் அந்த அம்மா. "நான் சாப்பிட்டாச்சு. தாயி வந்துட்டுப் போயிட்டா. இன்னிக்கு மவனையும் கூட்டியாந்தா."

இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. பால் தம்ளர் காலி. அதன் விளிம்பில் வெள்ளையாக ஓர் உதட்டுத் தடம்.

தங்கச்சி தன் உதட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

மறுநாளே முடிக்குக் கறுப்பு அடித்தாள். கீழே போகவே இல்லை. அந்த அம்மா மகன் வருவானா என்று யாரையும் கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், உடம்பு தேறியது. சாயங்காலம் கீழே அதே சிரிப்புக் கேட்கும்போது தங்கச்சி என்னைப் பார்ப்பாள். நான் எழுந்து ரேடியோவை வைப்பேன்.