தங்கை நிச்சயமும் எங்கள் வீட்டு இணையமும்

அமெரிக்காவில் சான்டா கிளாரா நகரத்தில் இருந்தவரை இன்டர்நெட் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவரில் செருகினால் இன்டர்நெட். என் கணவருக்கு டெக்சஸில் நிலம் வாங்கி வீடு கட்டி உட்கார வேண்டும் என்ற ஆசை வந்த பிறகுதான் எனக்கு அந்த ஞானமெல்லாம் கிடைத்தது.

வீடு கட்டவில்லை, கட்டிய வீடாகவே வாங்கினோம். சுற்றிலும் புல்வெளி. பக்கத்து வீடு என்று சொல்வதற்குக் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு கூரை, அவ்வளவுதான். கணவர் வாசலில் நின்று, "என்ன அமைதி பாரு!" என்றார். எனக்கு அந்த அமைதியில் கிலிதான் பிடித்தது. போனை எடுத்துப் பார்த்தால் சிக்னலுக்கு ஒரே ஒரு கோடு. அதுவும் சமையலறைக்குள் வந்தால் போய்விடும். பேச வேண்டும் என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் பெட்டி வரை நடக்க வேண்டும். அங்கேயும் குரல் மட்டும்தான் கேட்கும், வீடியோ கால் என்றால் முகம் பாதியில் உறைந்து நின்றுவிடும்.

சாதாரண நாளாக இருந்தால் இதற்கெல்லாம் நான் அசந்திருக்க மாட்டேன். நாங்கள் குடிபோன அந்த வாரக் கடைசியில்தான் திருச்சியில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். கூடப் பிறந்தவள் என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். கிரீன் கார்டு இழுத்துக்கொண்டே போகிறது, விசா முத்திரைக்கு ஊருக்குப் போனால் திரும்பி வர எப்போது தேதி கிடைக்கும் என்று எந்த வக்கீலும் சொல்ல மாட்டேன் என்கிறார். அதனால் போக முடியாது என்று முடிவாகிவிட்டது. அழுது முடித்த பிறகு அவளும் நானும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தோம். அங்கே ஞாயிறு மாலை ஐந்து மணி, எங்களுக்கு ஞாயிறு காலை ஆறரை. அந்த நேரத்துக்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வீடியோவில் உட்கார வேண்டும்.

"நீ ஸ்க்ரீன்ல வந்தாதான் நான் மணையில உட்காருவேன். இல்லன்னா தட்டெல்லாம் மாத்தட்டும், என்னை விட்டுட்டு" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்வாள். பிடிவாதத்தில் எனக்குத் தங்கை.

கணவர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். அவர் வேலை பார்ப்பதே நெட்வொர்க் கம்பெனியில். "இருபது வருஷமா ஊர் உலகத்துக்கே கனெக்‌ஷன் குடுத்துட்டிருக்கேன், நம்ம வீட்டுக்குக் குடுக்க மாட்டேனா? சாட்டர்டே சாயங்காலம் நீ சீரியல் பார்த்துக்கிட்டு இருப்பே" என்றார். அந்த இருபது வருஷத்தில் அவர் கையால் ஒரு ஒயரைக்கூடத் தொட்டதில்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கிராமத்துக்குள் கண்ணாடி இழைக் கேபிள் வந்திருந்ததே அதிர்ஷ்டம்தான். நாங்கள் வருவதற்கு முன்பே ஆட்கள் வந்து அதை வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி வரை கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார்கள். மோடமும் ரவுட்டரும் பார்சலில் வந்துவிட்டன. சுவர்ப் பெட்டியிலிருந்து மோடத்துக்கு ஒரு மெல்லிய மஞ்சள் ஒயரைச் செருக வேண்டும், அவ்வளவுதான் வேலை.

சனிக்கிழமை காலையில் பால் காய்ச்சினோம். கற்பூரம் ஏற்றவில்லை, புகை அலாரம் அலறி ஊரைக் கூட்டிவிடும். கூட்டுவதற்கு ஊரும் இல்லை என்பது வேறு விஷயம். சாமி படத்துக்கு முன்னால் பாலை வைத்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. புதுக் கார் வாங்கினால் பூஜை போடுகிறோம், புது மிக்சிக்குக்கூடப் பொட்டு வைக்கிறோம், என் தங்கையின் நிச்சயத்தையே கொண்டுவரப் போகிற பெட்டிக்கு வைக்காமல் விடுவதா? மோடம், ரவுட்டர், ஒயர் எல்லாவற்றையும் சாமி முன்னால் பரப்பினேன். ரவுட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

பத்து வயது மகள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ரவுட்டர்" என்றாள்.

"அப்படிச் சொல்லாதே, கன்னத்துல போட்டுக்கோ" என்றேன். போட்டுக்கொண்டாள்.

கணவர் விபூதியை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, மோடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மஞ்சள் ஒயரின் மூடியைக் கழற்றினார். அதன் முனையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, "இதுக்குள்ள தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இருக்கு, தெரியுமா?" என்று மகளுக்குப் பாடமும் எடுத்தார். பிறகு செருகினார். மோடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி விளக்கு பச்சையாக வர வேண்டும். சிவப்பாக வந்தது.

கழற்றி மாட்டினார். சிவப்பு. கரண்டை நிறுத்திப் போட்டார். சிவப்பு. தபால் பெட்டிக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் செய்தார். அங்கே இருந்த பெண் மிக அன்பாக, கழற்றி மாட்டச் சொன்னாளாம். ஆள் வேண்டும் என்றால் வியாழக்கிழமைதான் வருவாராம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "வியாழக்கிழமை வந்து என்ன பண்றது? அதுக்குள்ள அவ சம்பந்தி வீட்டோட காப்பி குடிச்சு முடிச்சிருப்பா" என்று கத்தினேன். என் கத்தல் எங்கும் மோதாமல் புல்வெளியில் போய்ச் சேர்ந்தது. சான்டா கிளாராவில் கத்தினால் மாடி வீட்டுக்காரர் தட்டுவார். இங்கே அந்த மரியாதைகூட இல்லை.

கணவர் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பத்து மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க்கில் சிக்னல் கொஞ்சம் பரவாயில்லையாம். "காலைல அங்க போய் கார்ல உட்கார்ந்து பார்த்துடலாம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்றார்.

"பட்டுப்புடவை கட்டி, பூ வச்சு, பெட்ரோல் பங்க்லயா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? பொண்ணோட அக்கா அமெரிக்காவுல பெட்ரோல் போடுறாங்கன்னா?" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்ரோல் பங்க்குக்காக இல்லை. நான் இல்லாமலேயே எல்லாம் அழகாக நடந்து முடிந்துவிடும் என்ற பயம். நான்கு வருஷமாக ஊரில் எல்லாமே நான் இல்லாமல்தான் நடக்கிறது. அப்பாவின் அறுபதாம் கல்யாணம் நடந்தது, தங்கை முதல் சம்பளத்தில் புடவை எடுத்தாள், வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். ஒவ்வொன்றாக நான் இல்லாமல் பழகிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒன்றுக்காவது ஆறரை மணிக்கு அங்கே இருந்துவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது.

சாயங்காலம் கோபத்தில் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தால் துடைப்பது என் வழக்கம். கறுப்பு மோடத்தின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. குனிந்து பார்த்தால் விரல் ரேகை, அச்சு அசலாக. மஞ்சள் ஒயரின் தலையிலும் இரண்டு விரல் வெள்ளை.

"ஏங்க, கையெல்லாம் விபூதியோடவா இதைச் செருகினீங்க?"

அவர் வந்தார். பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நெட்வொர்க் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை. "அந்தக் கண்ணாடி முனையில ஒரு தூசி பட்டாலே வெளிச்சம் போகாதும்மா" என்றார் மெதுவாக. "நான் ஒரு சிட்டிகை விபூதியே போட்டுட்டேன் போல."

எனக்குச் சிரிப்பு வந்தது. திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. பூஜை போடச் சொன்னது நான் என்பதை அவர் நினைவூட்டுவதற்குள் விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

"ஐயோ, பஞ்சு வேணாம், நூல் ஒட்டிக்கும்!" என்று அலறினார்.

என் கைப்பையில் மூக்குக்கண்ணாடி துடைக்கிற ஈரக் காகிதம் இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதைப் பிரித்து, குழந்தைக்கு வாய் துடைப்பதுபோல ஒயர் முனையைத் துடைத்தார். செருகினார். மறுபடி சிவப்பு. இந்த முறை நான் கத்தவில்லை, மோடத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். தூரத்திலிருந்து, கை படாமல். "மோடத்துல இருக்குற ஓட்டைக்குள்ளயும் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே, கீபோர்டு தூசியை ஊதி எடுக்கும் காற்று டப்பாவைக் கொண்டுவந்து புஸ் புஸ்ஸென்று அடித்தார். ஒயரை இன்னொரு தடவை துடைத்துச் செருகினார்.

பச்சை. மகள்தான் முதலில் பார்த்துக் குதித்தாள். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்ன விளக்கைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். அன்று சீரியல்கூடப் பார்த்தேன், அவர் பேச்சைக் காப்பாற்றுவதற்காக.

காலையில் அரக்குப் பட்டு கட்டி, ஃப்ரீசரில் வைத்திருந்த மல்லிகையை எடுத்து வைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஆறரைக்குத் திருச்சி மண்டபம் என் வீட்டுக்குள் வந்தது, துளி நடுக்கம் இல்லாமல். ஆனால் அங்கே போனைப் பிடித்திருந்தவர் சித்தப்பா. மேடையைக் காட்டுகிறேன் என்று மின்விசிறியைக் காட்டினார், பிறகு தன் மூக்கைக் காட்டினார். நான் கத்தின கத்தலில் அம்மா வந்து போனைப் பிடுங்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் சீர்வரிசையில் இருந்த பழத் தட்டில் அன்னாசிப் பழத்தின் மேல் சாய்த்து வைத்தாள். அங்கிருந்து மேடை முழுக்கத் தெரிந்தது. மணையில் தங்கை. என்னைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள், 'வந்துட்டியா' என்று. நான் தலையை ஆட்டினேன்.

யாரோ நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவசரப்படுத்தினார்கள். இரண்டு பக்கமும் பெற்றோர் எழுந்து நின்று தட்டு மாற்ற ஆரம்பித்தார்கள். அப்பா பழத் தட்டைத் தூக்கினார். என்னையும் சேர்த்து. எனக்கு ஒரு கணம் மண்டபத்துக் கூரை தெரிந்தது, பிறகு அப்பாவின் மோதிரம், பிறகு முன்பின் தெரியாத ஒரு ஜரிகைப் புடவை. "அப்பா! அப்பா!" என்றேன். நாதஸ்வரத்தில் யாருக்குக் கேட்கும்? என் கணவர் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா தட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"அட, பெரிய பொண்ணையும் சேர்த்துக் குடுத்துட்டீங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. "வாம்மா, நல்லா இருக்கியா? எங்களுக்கு என்ன கசக்குமா, நாங்களே வச்சுக்கிறோம்."

"அத்தை" என்று தங்கையின் குரல் வந்தது. நிச்சயத்தில் பெண் வாயைத் திறந்து பேசி நான் பார்த்ததில்லை. "தட்டுல இருக்குற மத்ததெல்லாம் உங்களுக்கு. அக்காவை மட்டும் குடுத்துடுங்க."

சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. அவள் சிரிக்கவில்லை, கையை நீட்டியபடியே இருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே மேடையைக் கடந்து என்னைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தங்கை வாங்கி, முகத்துக்கு நேராக ஒரு முறை பிடித்துப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. பிறகு கையை நீட்டித் தன் மணைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் என்னைச் சாய்த்து வைத்தாள். அதன் மேல் பட்டுத் துண்டு விரித்து, பூச்சரம் ஒன்றும் வைத்திருந்தது. காலையிலிருந்து அதில் அவள் யாரையும் உட்காரவிடவில்லை என்று அம்மா அப்புறம் சொன்னாள்.