சின்னப்பயல் இழுத்த வீடு

எர்வினின் காரைப் பார்த்துச் சிரிக்காத ஆள் அந்தக் குடியிருப்பில் இல்லை. கார் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இஞ்சின் பின்பக்கம், நாலு பேர் ஏறினால் முழங்கால் முகவாயில் இடிக்கும்; போலந்து முழுக்க 'சின்னப்பயல்' என்று கூப்பிடுவது அதைத்தான். அந்தச் சின்னப்பயலின் வாலில் அவன் ஒரு வீட்டையே மாட்டிவிட்டான். முட்டை ஓடு போல வெள்ளையாக ஓர் இழுவை வண்டி. உள்ளே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் உண்டு.

"என்ன எர்வின், பயலுக்கு மீசை முளைக்கிறதுக்குள்ள குடும்பத்தத் தலையில கட்டிட்டியே!"

சிரித்துவிட்டுப் போகட்டும். சிலேசியாவில் நிலக்கரி உலைகளுக்கு நடுவே, துவைத்த துணி காய்வதற்குள் கறுத்துப்போகும் ஊர் அது. அவன் மகள் ஊலாவின் நெஞ்சு மட்டும் என்ன, கல்லா? குளிர்காலம் வந்தால் அந்தக் குழந்தை உட்கார்ந்தபடிதான் தூங்கும். கோடையிலாவது கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், புகை இல்லாத காற்றை அந்த நுரையீரல் பார்க்கட்டும் என்றார் டாக்டர். தொழிலாளர்களுக்கென்று கட்டிய விடுதி அறைகளோ, மேலே உட்கார்ந்திருந்தவர்களின் மச்சினிகளுக்கே போதவில்லை. வேறு வழியில்லாமல்தான் வீட்டை வாலில் கட்டினான். முதல் கோடையில் பால்டிக் கரை மணலில் ஊலா ஓடினாள். அவன் மனைவி ட்ரூடா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் பிள்ளை ஓடி அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

அடுத்த கோடைக்குள் கடைகள் காலியாகிவிட்டன. இறைச்சிக்குக் கூப்பன். அந்தக் கூப்பனையும் வெளியூர்க் கசாப்புக்கடையில் நீட்டினால் முகத்தில் வீசுவார்கள். ஆகையால் விடுமுறைக்குக் கிளம்புகிற குடும்பமெல்லாம் மாதக்கணக்கில் இறைச்சியை மிச்சம்பிடித்து, வேகவைத்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்தது. ட்ரூடாவும் அடைத்தாள். ஜாடிகளும் உருளைக்கிழங்கு மூட்டையும் வீட்டின் முன்பக்கம் ஏறியதும் காரின் பின்பக்கம் தொய்ந்து மூக்கு மேலே தூக்கியது. வழியனுப்ப வந்த ட்ரூடாவின் தம்பி அலோய்ஸ் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மச்சான், பயல் வானத்தப் பாக்குறான் பாரு. முன்சக்கரம் ரோட்டுல ஒட்டாது. ஜாடியெல்லாம் எடுத்து வீட்டுக்குக் கடைசியில தள்ளு, காரையும் வீட்டையும் மாட்டுற கொக்கி மேல பாரம் ஏறாது."

"கடைசியிலயா? ஆட்டம் குடுக்காதா?"

"நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் வெக்கிறாங்க. நீ மட்டும் பெரிய இஞ்சினியரோ?"

எல்லாரும் அப்படித்தான் வைத்தார்கள், அது பொய்யில்லை. தள்ளினார்கள். மூக்கு தாழ்ந்தது, கார் இறகு மாதிரி ஓடியது. எர்வின் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு போனான், பாவி.

வடக்கே மேடும் காடும் தொடங்கும் இடத்தில் ஒரு நீண்ட இறக்கம். பாதி இறங்கியதும் பின்னால் வீடு இப்படியும் அப்படியும் அசைய ஆரம்பித்தது.

"எர்வின், யாரோ நம்மளப் பிடிச்சு ஆட்டுற மாதிரி இருக்கே!" என்றாள் ட்ரூடா.

அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அவன் பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். மிதிக்காமல் யார் இருப்பார்கள்? வீடு பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. கார் சுழன்று, ட்ரூடா உட்கார்ந்திருந்த பக்கமாகவே மரத்தில் போய் மோதியது. பின்சீட்டில் இருந்த ஊலாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாதக்கணக்கில் அவள் அம்மா சேர்த்த இறைச்சி சாலையெங்கும் சிதறிக் கிடந்தது. பக்கத்து ஊர் நாய்கள் வந்து தின்றன.

அடக்கம் முடிந்த அன்றே சமையலறையில் மச்சான்கள் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பிரேக்க ஏன்டா மிதிச்ச? என் அக்காவக் கொன்னுட்டியேடா!"

"பாரத்தப் பின்னால தள்ளச் சொன்னது யாரு? சொல்றா!"

ஊலா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஊலா இருமவே இல்லை. "எனக்கு நல்லாயிடுச்சுப்பா. வண்டிய வித்துடுங்க" என்றாள். எர்வினோடு உலையில் வேலை செய்த கூட்டாளிகள் காரின் நசுங்கிய பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, வீட்டின் விரிசல்களையும் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். எர்வினோ அது நிற்கும் பக்கமே போகமாட்டான். பிள்ளைக்கும் குணமாகிவிட்டது, இனி இந்தச் சனியன் எதற்கு என்று வீட்டை வாங்க ஓர் ஆளையும் வரச்சொன்னான். அந்த ஆளுடன் பேச உலையிலிருந்து நேரத்தோடு வந்தவன், மாடிப்படியில் ஊலாவைக் கண்டான். கம்பியைக் கட்டிக்கொண்டு, உதடெல்லாம் நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாள். இருமல் வெளியே கேட்காமலிருக்க வாயில் கழுத்துத்துணியைச் சுருட்டி அடைத்திருந்தாள். இந்தப் பிள்ளை குளிர்காலம் முழுக்க இப்படித்தான் இருந்திருக்கிறது! வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டான். இன்னொரு குளிர்காலம் தாங்காது என்றார் டாக்டர்.

கோடை வந்ததும் மறுபடி மாட்டினான். இம்முறை பாரமெல்லாம் வீட்டின் சக்கரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்தள்ளி. சின்னப்பயல் வானத்தைப் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பழைய சாலையை விட்டு வேறு வழியில் போனான். லாரிக்காரர்கள் ஹாரனடித்துத் திட்ட, நத்தையாக ஊர்ந்தான். ஊலா முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று பின்னால் ஒடுங்கிக்கொண்டாள்.

அந்த வழியிலும் இறக்கம் இருந்தது. எதிரே வந்த பேருந்தின் காற்று அடித்ததும் வீடு வாலை அசைத்தது. பெடலிலிருந்து காலை எடுத்தான். ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்தான். பிரேக் கூடாது, அவ்வளவுதான். அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. ஊலா பயத்தில் அடக்கி வைத்திருந்த மூச்சு இப்போது உள்ளே போக மறுத்து விசிலடித்தது. பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறது. நிறுத்தினால் இரண்டு பேரும் காலி. "ஊலா, ஊலா" என்று பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே அடிவாரம் வரை அவன் காலை அசைக்கவில்லை.

நின்றதும் அவளை வெளியே தூக்கிப் புல்லில் உட்கார வைத்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"திரும்பிப் போயிடலாம்பா. எனக்கு ஒண்ணுமே இல்ல."

"பொய் சொல்லாத."

"நான் இருமலன்னா அன்னிக்கு நாம வந்திருக்கவே மாட்டோம். அம்மா இருந்திருப்பாங்க. இல்லியாப்பா?"

ஒரு குளிர்காலம் முழுக்கத் தனியாக இதையே நினைத்துக்கொண்டிருந்த பிள்ளையிடம் பொய் சொல்ல எர்வினுக்கு வாய் வரவில்லை.

"ஆமாடி. உனக்காகத்தான் வந்தா. பாரத்தத் தப்பா வெச்சது நாங்க, பிரேக்க மிதிச்சது நான். நீ ஒண்ணும் பண்ணல. ஆனா அவ வந்தது உனக்காகத்தான், நீ ஓடுறதப் பாக்கத்தான். இப்ப நீ வாய அடச்சுக்கிட்டுச் செத்துட்டா, அவ எதுக்குடி வந்தா? சொல்லு!"

கத்திவிட்டான். குழந்தையிடம் பேசுகிற பேச்சா அது? வேறு பேச்சு அவனிடம் இருக்கவில்லை. ஊலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்து, ஒளிக்காமல், குடல் வெளியே வந்துவிடும்போல இருமினாள். அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

கடலுக்கு இன்னும் பாதி வழி கிடந்தது. இருமல் ஓயும் என்று காத்திருந்து பார்த்தான், ஓயவில்லை. அவளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கொக்கியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, கடலை நோக்கிக் காரைக் கிளப்பினான்.