வெல்டிங் வைத்த கதவு

அன்று வறண்ட கண்மாய்க்குள் இருந்தவர்கள்: என் மனைவி. அவள் தம்பி, கீரமங்கலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். புழுதி அடங்கத் தண்ணீர் அடிக்க வந்த டேங்கர் லாரி ஓட்டுநர். கொடி காட்டுகிறவர். வாய்க்காலில் சாய்ந்து கிடந்த காருக்குள் நான்.

மறுநாள் கார் பந்தயம். அன்று பழக்க ஓட்டம்தான். மூன்றாவது சுற்றில் டேங்கர் நனைத்த மண்ணில் வழுக்கி, அந்தத் தண்ணீர் தேங்கிய வாய்க்காலுக்குள் காரோடு வலது பக்கமாக விழுந்தேன்.

என் பிழைப்பு பந்தய வீடியோ கேம். எட்டாவதோடு நின்றவன். குவைத்தில் லாரி ஓட்டியபோது ஒரு லேப்டாப் வாங்கி, பார்த்துப் பார்த்துக் கற்றேன். சென்னையில் ஒரு கம்பெனிக்குக் காரும் தடமும் செய்து கொடுக்கிறேன். கேமில் என் கார்களுக்குக் கதவு திறக்காது. அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுப்பேன். திறக்கிற கதவு போட்டால் கேம் கனத்துப்போகும், போனில் ஓடாது.

பந்தயத்துக்கு இந்தப் பழைய காரையும் முதலில் லேப்டாப்பில்தான் செய்தேன். அந்தப் படத்தை மச்சினனிடம் கொடுத்தேன். அப்படியே செய்தான். கதவுகளின் கீலையும் பூட்டையும் கழற்றிவிட்டு, மூடியபடியே வெல்டிங். முன்கண்ணாடிக்குப் பதில் கம்பி வலை. மற்ற ஜன்னல்களுக்கும் பின்பக்கத்துக்கும் தகரம். ஏறி இறங்க என் பக்கத்து ஜன்னல் ஒன்றுதான்.

“இது போதுமா மாமா?” என்று அப்போதே கேட்டான்.

“போதும்” என்றேன்.

இப்போது அந்த ஜன்னல் சேற்றில் பதிந்திருந்தது. பெல்ட்டைக் கழற்றினேன். கழற்றியும் நகர இடமில்லை. பெட்ரோல் வாடை வந்தது.

“கட்டர் எடுத்தாரேன் மாமா!”

“அடேய், பெட்ரோல் சொட்டுது. ஒரு பொறி விழுந்தா ஒங்க மாமன் கருவாடுதான்” என்றார் டேங்கர் ஓட்டுநர்.

“வாயக் கழுவுங்கண்ணே” என்றாள் மனைவி. வலைக்குப் பக்கத்தில் குனிந்தாள். “தெறக்கிற கதவு ஒண்ணு வச்சா என்ன கொறஞ்சா போயிருவீங்க?”

“வெயிட்டு கூடும்.”

“ஆமா, வெயிட்டு. இங்கிட்டு பாருங்க. பேசிக்கிட்டே இருங்க.”

எனக்குப் பேச வராது. கேமுக்குச் செய்த கார்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சிவப்பு. மஞ்சள். கறுப்புக் கோடு போட்டது. அவள் ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றாள்.

கொடிக்காரர் மேலே இருந்த சக்கரத்தில் கயிறு கட்டினார். டேங்கர் இழுத்தது. கயிறு அறுந்தது. கார் இன்னும் அமிழ்ந்தது. சேறு தோளுக்கு வந்தது. சிவப்புக் காரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

கயிற்றை மடித்துக் கட்டினார்கள். இந்த முறை கார் நிமிர்ந்தது. ஜன்னல் வழியாக என்னை உருவி எடுத்தார்கள்.

மச்சினன் காரையே பார்த்துக்கொண்டு நின்றான். “நீங்க குடுத்த படத்துல அப்புடித்தான் இருந்துச்சு மாமா.”

“தெரியும்.”

பந்தயத்துக்குப் போகவில்லை. மச்சினன் என் பக்கத்துக் கதவை அறுத்துக் கீல் வைத்தான். நான் கேமில் எல்லாக் கார்களுக்கும் திறக்கிற கதவு போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஒரு பையன் போன் செய்தான்.

“அண்ணே, கதவெல்லாம் யாருண்ணே கேட்டா? பழசையே குடுங்க.”

எனக்கு வேறு தொழில் தெரியாது. பழையதையே கொடுத்தேன். கதவு திறக்காத அந்தக் கார்கள் ஒவ்வொன்றிலும் ஹெல்மெட் போட்ட ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அதுவும் நான் செய்ததுதான். எண்ணினேன்.

பதினாலு பேர்.