தண்ணீருக்குள் ஒட்டுகிற மாவு

குல்பாஷுக்கு நீச்சல் தெரியாது. அக்தாவ் துறைமுகப் பாலத்தின் இரும்புத் தூண்கள் துருப்பிடிக்காமல் பூச்சுப் போடும் எங்கள் குழுவில் சேர வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டாள். "மெதவையில உக்காரத்தானே கூப்புடுறீங்க? மீனாவா மாறணும்?" என்று எங்களையே மடக்கினாள்.

அதற்கு முன்பு ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தவள். இங்கேயும் பிசைவதுதான் வேலை. ஒரு டப்பாவில் மஞ்சள் பசை, இன்னொன்றில் நீலப் பசை. ஈரக் கையுறை போட்டு இரண்டையும் சேர்த்துப் பிசைய வேண்டும். கோடு தெரியாமல் முழுக்கப் பச்சையானதும் உருண்டை பிடித்துக் கூடையில் இறக்கவேண்டும். கீழே தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் அவளுடைய கொழுந்தன் ஒராஸ்கலி, துருவையும் சிப்பியையும் சுரண்டி எடுத்த தூணில் அதை உள்ளங்கையால் அப்புவான். அவனுக்குக் காற்றுக்குழாய் பிடிப்பதும், கம்பி வழியாக அவனோடு பேசுவதும் என் வேலை. குல்பாஷ் முறைப்படி கொழுந்தன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். கடைக்குட்டி என்பாள். முப்பது வயது தாண்டிய, பீப்பாய் போல் உடம்புள்ள கடைக்குட்டி!

"ஈரத்து மேல எப்படிய்யா ஒட்டுது?" என்று முதல் வாரமே என்னைக் குடைந்தாள்.

"ஒட்டுது, அவ்வளவுதான். ஆளை விடு."

இன்ஜினியர் சாபித் என்னைப் போல எரிந்து விழுகிறவர் இல்லை. "அழுத்தற அழுத்துல தண்ணி வெலகிடும்மா. பசை இரும்பைப் புடிச்சுக்கும்" என்றார். அதுவும் அவளுக்குப் போதவில்லை. ஒரு கிள்ளு பசையை வீட்டுக்குக் கொண்டுபோய், வாளித் தண்ணீருக்குள் மாமியாரின் தேநீர்க் கெண்டி மூடியில் ஒட்டிப் பார்த்துவிட்டாள். மூடிக்கு இப்போது இரண்டு குமிழ். மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளோ, "சுத்தியலால அடிச்சேன், அசையவே இல்ல!" என்று குதூகலமாக எங்களிடம் வந்து சொன்னாள்.

எங்கள் கடல் வருஷத்துக்கு வருஷம் வற்றிக்கொண்டு போகிறது. நீருக்கடியில் போட்ட பூச்செல்லாம் மெல்ல வெளியே தலை காட்டுகிறது. அந்த இலையுதிர்காலத்தில் கிழக்குக் காற்றும் சேர்ந்துகொண்டு தண்ணீரைக் கரையிலிருந்து நடுக்கடலுக்குத் தள்ளியபோது, மூன்று தூண்களில் பூச்சு பிளந்து தொங்குவது தெரிந்தது. சாபித் எங்களைக் கூப்பிட்டார். யாரும் வாய் திறப்பதற்குள் ஒராஸ்கலி முந்திக்கொண்டான்.

"சரியா சுரண்டல சார். கோட்டை விட்டுட்டேன்."

"அப்படின்னா இனிமே நீ கீழ எறங்க வேணாம். கிடங்குல வேலை பாரு."

அவனைத் தண்ணீரிலிருந்து பிரித்தால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? குல்பாஷ் மட்டும் நம்பவே இல்லை.

"சுரண்டாம விடுற ஆளா அது? ரொட்டியில கருகுனதைச் சுரண்ட ஆரம்பிச்சா ரொட்டியே மிஞ்சாது. நீ மெதவையை அந்தத் தூணுகிட்ட தள்ளு, நான் பாக்கணும்."

தள்ளினேன். இத்தனை வருஷம் கூடையில் அவள் இறக்கிய உருண்டைகள் போய்ச் சேர்ந்த இடத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். பச்சைப் பூச்சு முழுக்க ஒராஸ்கலியின் விரல் தடம். தன் விரல்களை அதில் வைத்து வைத்துப் பார்த்தாள். கோடையில் அப்பியதைச் சுத்தியலால் அடித்தாள், சுத்தியல்தான் எகிறியது. பிளந்து தொங்கிய குளிர்காலத்துப் பூச்சில் உளியைக் கொடுத்ததும் ஒரு பெரிய சில்லு அப்படியே கழன்று கையில் வந்தது.

உள்ளே இரும்பு சுத்தமாக இருந்தது. சுரண்டிய கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

"பாத்தியா! நான் சொல்லல?" என்று துள்ளியவள், சில்லைத் திருப்பியதும் நின்றுவிட்டாள். அதன் முதுகு வழவழவென்று இருந்தது. "இத்தனை கோடு இருக்கே, ஒண்ணுகூட ஏன் இதுல பதியல?"

கோடைப் பூச்சின் ஓரத்தில் பாடுபட்டு ஒரு துணுக்கு பெயர்த்தாள். அதன் முதுகில் இரும்பின் கோடெல்லாம் அச்சாக இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவள் மிதவையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது இரும்புல படறதுக்கு முன்னாடியே இறுகிப் போச்சுய்யா. நான்தான். வெந்நியில டப்பாவைப் போட்டு வெச்சது நான்தானே."

பனிக்காலத்தில் கொழுந்தன் விரல் விறைத்துவிடக் கூடாதே என்று டப்பாக்களைச் சுடச்சுட வைத்திருந்தாள். சூட்டில் பசை சீக்கிரம் இறுகும் என்பது யாருக்குத் தோன்றியது?

சில்லோடு நேரே கிடங்குக்கு நடந்தாள். சாபித்தின் மேஜையில் அதைக் கவிழ்த்து வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மூலையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒராஸ்கலி தலையில் அடித்துக்கொண்டான்.

"உங்களை யாரு அண்ணி பாக்கச் சொன்னா? அதான் நான் ஒத்துக்கிட்டேனே."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கைக்கு வரும்போதே கொஞ்சம் கெட்டியாத்தான் இருந்துச்சு."

"அப்ப ஏன்டா சொல்லல?"

அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சொன்னா நிறுத்திருப்பீங்க."

சாபித் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சேந்து மூணு தூணையும் மறுபடி பண்ணுங்க. வெந்நி மட்டும் வேணாம்" என்றார்.

மறுபடி இறங்கியபோது மிதவையோரம் பனி கட்டியிருந்தது. குளிர்ந்த பசை பிசையவே வரவில்லை; குல்பாஷ் முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்துப் பிசைந்தாள். சற்று நேரத்தில் கீழிருந்து குரல் வந்தது: "அண்ணிகிட்ட சொல்லு, வெரல் மரத்துப் போச்சு."

பேசும் கருவியை அவள் வாயருகே பிடித்தேன்.

"தெரியும்டா கண்ணு," என்றாள். "அழுத்து."

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் பசை. அடுத்த உருண்டையைக் கூடையில் வைத்தாள்.